மடுல்சீமையின் துருவும் ஹக்ஸ்லியின் எழுத்துகளும்

தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்ற பெயர் நம்மவர் மத்தியில் பேசப்படும்போது அதன் பின்னால் ஒரு குரங்கும் வந்துவிடுகிறது. 1860 ஜூன் மாதம் ஒக்ஸ்போர்ட்டில் பிஷப் வில்பர்போர்சுக்கும் அவருக்கும் நடந்த விவாதத்தை அறியாதவர் குறைவு. குரங்கு உமக்குப் பாட்டன் வழி உறவா, பாட்டி வழி உறவா என்று பிஷப் கேட்டதாகவும், ஹக்ஸ்லி அதற்குச் சுடச்சுடப் பதில் கொடுத்ததாகவும் கதை செல்கிறது. அன்று மேடையில் பேசப்பட்ட சொற்கள் அப்படியே பதிவு செய்யப்படவில்லை. ஆயினும் அந்த ஒரு காட்சியோடு அவரை மூடி வைத்துவிட்டோம். டார்வினின் காவல்நாய் என்ற பட்டப்பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எழுதிக் குவித்தவற்றை நமது இலக்கிய வட்டங்கள் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பதுளை மாவட்டத்தின் கிராமப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நான் அவரை நாடியது குரங்குக்காக அன்று, கோப்பி இலைக்காக. ஊவாவின் மலைகளில் ஏன் கோப்பி இல்லை, ஏன் தேயிலை இருக்கிறது என்று தேடிப் போனால், அந்தத் தேடல் லண்டனில் ஹக்ஸ்லியின் வகுப்பறை வாசலில் போய் நிற்கிறது. அந்த வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹக்ஸ்லி 1825இல் லண்டனுக்கு அண்மையிலுள்ள ஈலிங் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை ஒரு பாடசாலை ஆசிரியர். ஆசிரியரின் மகனாயிருந்தும் முறையான பள்ளிப்படிப்பு அவருக்கு வாய்த்தது இரண்டே ஆண்டுகள்தான். ஜேர்மன் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டார். பின்னர் வைத்தியம் பயின்று, 'ரட்டில்ஸ்னேக்' என்ற கப்பலில் உதவி வைத்தியராக 1846 முதல் 1850 வரை அவுஸ்திரேலியக் கடல்களில் திரிந்தார். கடலில் மிதக்கும் நுங்கு போன்ற உயிர்களைப் பற்றி அங்கிருந்து அவர் எழுதி அனுப்பிய கட்டுரைகளே அவருக்குப் பெயர் தேடிக் கொடுத்தன. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபோது அதனைத் தாங்கிப் பிடித்தார். 1863இல் மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் உள்ள உடலமைப்பு ஒற்றுமையை எலும்பெலும்பாக எடுத்துக்காட்டும் நூலை வெளியிட்டார். அவர் எழுத்தில் மிகவும் பிரசித்தமான பகுதி இதுதான்.

என்னைக் கவர்ந்த ஹக்ஸ்லி வேறொருவர். 1862இன் இறுதியில் லண்டன் தொழிலாளர்களுக்கு மாலை நேரத்தில் ஆறு விரிவுரைகள் நிகழ்த்தி, குதிரையையும் புறாவையும் உதாரணம் காட்டிக் கூர்ப்பை விளக்கியவர். 1868இல் நோர்விச் நகரத் தொழிலாளர் முன்னே ஒரு சுண்ணக்கட்டித் துண்டைத் தூக்கிக் காட்டி, அதற்குள் புதைந்து கிடக்கும் பழைய கடலின் கதையைச் சொன்னவர். 1877இல் இயற்கைப் புவியியல் பற்றி ஒரு பாடநூல் எழுதியபோது தொலைதேசத்து மலைகளையும் பாலைவனங்களையும் விட்டு, பிள்ளைகள் தினமும் காணும் தேம்ஸ் நதியிலிருந்து பாடத்தைத் தொடங்கியவர். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எதைச் சுமந்து செல்கிறது என்று கேட்டுக் கேட்டு உலகம் முழுவதையும் காட்டிவிடுகிறார். துன்ஹிந்தவில் விழும் பதுளு ஓயாவைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் அந்த நூலிலிருந்து ஒரு பாடம் படிக்கலாம். ஆசிரியர் கலாசாலையில் 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்று எங்களுக்கு ஒரு விதி கற்பிக்கப்பட்டது. அந்த விதி நூலாக எழுந்து நடப்பதை நான் கண்டது அங்கேதான்.

1871 கோடையில் ஹக்ஸ்லி பாடசாலை ஆசிரியர்களைத் திரட்டி உயிரியல் வகுப்பு நடத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து அது சவுத் கென்சிங்டனில் இடம்பெற்றது. காலையில் விரிவுரை; அதன்பின் ஒவ்வொருவர் கையிலும் நுணுக்குக்காட்டி. படித்ததை நம்பாதே, வெட்டிப் பார், வரைந்து காட்டு என்பதே வகுப்பின் ஒழுங்கு. அந்த முறையை வைத்து 1875இல் அவர் மார்ட்டினுடன் சேர்ந்து எழுதிய செய்முறை நூல் மனிதனிலிருந்தோ சிங்கத்திலிருந்தோ தொடங்கவில்லை. அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறோமே, அந்த நொதியத்திலிருந்து தொடங்குகிறது. பின்னர் பூஞ்சணமும் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள்மேல் ஹக்ஸ்லி கொண்ட அக்கறை தற்செயலானதன்று. 1870இல் லிவர்பூல் நகரில் பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே செல்கிறது: உயிர் உயிரிலிருந்து மட்டும்தான் தோன்றுமா, அழுகலிலிருந்து தானாகவும் தோன்றுமா? ஈயைக் கொல்லும் பங்கசு, பிரான்சின் பட்டுப்புழுக்களை அழித்த நோய் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, பாஸ்டரின் பக்கம் நின்று பேசினார். நோய் கெட்ட காற்றினாலோ கெட்ட காலத்தினாலோ வருவதன்று, இன்னோர் உயிர் உள்ளே புகுவதனால் வருவது என்ற கருத்து அன்று சாதாரண மக்களின் காதுக்கு எட்டியது இத்தகைய உரைகளால்தான்.

அதற்கு ஓராண்டுக்கு முன் நமது மலையில் ஒன்று நடந்தது. 1869இல் மடுல்சீமையில், அப்போதுதான் காடு வெட்டித் திறக்கப்பட்டிருந்த கோப்பித் தோட்டமொன்றில், சில மரங்களின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. இரண்டு மூன்று ஏக்கருக்குள் அடங்கியிருந்த விடயம் அது. இலையின் மேற்புறத்தில் வெளிறிய புள்ளி, கீழ்ப்புறத்தில் துரு. பின்னர் இலை உதிரும். மாதிரி இலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் போயின. அங்கு பணிப்பாளராக இருந்த துவைற்ஸ், டார்வினுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்த தாவரவியலாளர். அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அந்தத் தூளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, இதுவரை காணாத பங்கசு இது என்று கண்டு பெயரிட்டவர் மைல்ஸ் ஜோசப் பார்க்லி.

இந்த பார்க்லி ஒரு கிறிஸ்தவ மதகுரு என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த நோய்க்குப் பங்கசுதான் காரணம் என்று 1846இலேயே வாதாடியவரும் அவரே. மதம் ஒரு கரையிலும் விஞ்ஞானம் மறு கரையிலும் நின்று கல்லெறிந்துகொண்டிருந்தன என்ற ஒக்ஸ்போர்ட் கதைக்குள் இந்த மனிதர் அடங்கமாட்டார். புதிய பங்கசுக்கு அவர் இட்ட பெயர் 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்'. வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பாகவும் மறு பாதி சொரசொரப்பாகவும் இருப்பதால் முதற்சொல். இரண்டாவது சொல்லுக்குப் பேரழிவு செய்பவள் என்பது பொருள். தோட்டத்துத் துரைமார் அதைத் திரித்து 'எமிலி' என்று ஒரு பெண்ணின் பெயராக்கிப் பகடி செய்தார்கள். பகடி நீண்ட காலம் நிலைக்கவில்லை.

கோப்பி நமக்கு அந்நியமான பயிரன்று. 'கஹ்வா' என்ற அறபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. யெமன் நாட்டின் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய பானம், 15ஆம் நூற்றாண்டிலிருந்து உலகம் சுற்றியது. ஆனால் கண்டி வீழ்ந்த பின் பிரித்தானியர் மலையில் பரப்பிய கோப்பி வேறு மாதிரியானது. 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் ஒரே பயிர். அராபிக்காக் கோப்பி தன் மகரந்தத்தாலேயே தான் காய்ப்பது. ஆகவே மரத்துக்கு மரம் வேறுபாடு மிகக் குறைவு. கூர்ப்பின் முதற்பாடமே வேறுபாடுதான். ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒருவரைப் போலவே இருந்தால், ஒருவரை வீழ்த்துவது எல்லோரையும் வீழ்த்திவிடும். மடுல்சீமையிலிருந்து எழுந்த துரு சில ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் பரவியது. ஆயினும் கோப்பி விலை உயர்ந்திருந்த காலமாதலால் துரைமார் புதிய காடுகளை வெட்டிக்கொண்டே போனார்கள். நோய்க்குக் காரணம் மழை என்றனர் சிலர். மண் சத்திழந்துவிட்டது, உரம் போதாது என்றனர் வேறு சிலர்.

1880இல் அரசாங்கம் ஓர் இளைஞரை இரண்டு ஆண்டுகளுக்கு அழைத்து வந்தது. ஹரி மார்ஷல் வார்ட் என்ற அவருக்கு வயது 26. சவுத் கென்சிங்டனில் ஹக்ஸ்லியின் வகுப்பில் நுணுக்குக்காட்டி பிடிக்கப் பழகி, பின்னர் கேம்பிறிட்ஜ் சென்றவர். ஹக்ஸ்லியின் எழுத்தும் வகுப்பும் ஊவாவைத் தொட்ட இடம் இதுதான்.

வார்ட் செய்த வேலை எளிமையானது, பொறுமை கேட்பது. துருத் தூளில் ஒரு துளியை எடுத்து நீரில் இட்டார். வித்தி முளைத்து நூல் விடுவதைப் பார்த்தார். நல்ல இலையின் கீழ்ப்புறத்தில் அதை வைத்தார். அந்த நூல் இலையின் மூச்சுத்துளை வழியே உள்ளே நுழைவதையும், உள்ளே கிளைத்து இலையின் கலங்களை உறிஞ்சுவதையும், சில வாரங்களில் அதே இடத்தில் புதிய துரு வெளிப்படுவதையும் வரைந்து காட்டினார். வித்தி விழாத இலையில் நோய் தோன்றவில்லை. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் நிறுத்தி வைத்தார். காற்றில் வந்த வித்திகள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. மழை நோயை உண்டாக்குவதில்லை, வித்தி முளைக்க ஈரம் கொடுக்கிறது என்பதும், காற்றே அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டு செல்கிறது என்பதும் தெளிவாயின. இடையில் காடே இல்லாமல் மைல் கணக்கில் ஒரே பயிரை நட்டதுதான் இந்தக் காற்றுக்குக் கதவு திறந்து விட்டது என்று அவரது அறிக்கைகள் எடுத்துரைத்தன. 1882இல் அவருடைய ஆய்வு லண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரது ஆசிரியர் ஹக்ஸ்லி, மீன்பிடிப் பரிசோதகர் பதவியில் இருந்தவராக, சால்மன் மீன்களைக் கொல்லும் ஒரு பங்கசைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். குருவும் சீடரும் ஒரே ஆண்டில் ஒரே வகைப் பகைவனைத் துரத்தியிருக்கிறார்கள்.

இந்தப் பரிசோதனையின் முதற்படியை இன்றும் நமது பிள்ளைகளுக்குக் காட்டலாம். கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் தப்பி நிற்கும் கோப்பி மரங்களில் அந்தத் துரு இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இலையைக் கொடுத்துக் கீழ்ப்புறத்தை விரலால் தடவச் சொல்வேன். விரலில் செம்மஞ்சள் படியும். "சேர், இது மண் தூளா?" என்று கேட்பார்கள். விடையை நான் சொல்வதில்லை. மூன்று வாரம் கழித்து அவர்களே சொல்வார்கள்.

வார்ட் தந்த விடை துரைமாருக்கு இனிக்கவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது மருந்து. கந்தகமும் சுண்ணாம்பும் தூவும் முறையை அவருக்கு முன்பே மொரிஸ் என்ற தாவரவியலாளர் பரிந்துரைத்திருந்தார். மலை முழுவதும் அதைச் செய்து முடிக்கும் வழி அன்று இருக்கவில்லை. மருந்து தராமல் காரணத்தை மட்டும் சொன்ன விஞ்ஞானியை வைத்து என்ன செய்வது என்ற மனநிலை பலரிடம் இருந்தது. 1870 அளவில் ஏறக்குறைய 10 லட்சம் அந்தராக இருந்த கோப்பி ஏற்றுமதி, 1889இல் ஒரு லட்சம் அந்தரைக்கூட எட்டவில்லை. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் விழுந்தது. சிலகாலம் சிங்கோனாவை நட்டுப் பார்த்தார்கள். அதன் விலையும் சரிந்தது. இறுதியில் தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட பயிர், நூற்றாண்டு முடியும்போது ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கரை மூடியது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கினார். ரயில் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது.

இங்கே மனிதர் எங்கே என்று வாசகர் கேட்கலாம். பயிர் மாறியபோது மனிதரின் வாழ்வும் மாறியது என்பதே இந்த வரலாற்றின் நடுப்பகுதி. கோப்பி பருவப் பயிர். அறுவடைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மன்னார் வழியே கால்நடையாக வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களும் வேண்டும், குடும்பமும் வேண்டும், நிரந்தரமாகத் தங்க லயமும் வேண்டும். கோப்பி சரிந்த காலத்தில் பல தோட்டங்களில் தொழிலாளரின் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. கங்காணியின் கடன் புத்தகம் மட்டும் நிற்கவில்லை. வந்து திரும்பியவன் தங்கிவிட்டவனானது அந்தத் தூளின் விளைவுகளில் ஒன்று. அப்படித் தங்கிவிட்டவனின் பேரப்பிள்ளைகளை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. தவளமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி ஊவா மலையேறிய நமது சோனக வணிகர்களின் வாழ்வும் இந்தத் தோட்டங்களோடு கலந்ததே. பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் உள்ள நமது கடைவீதிகளைத் தோட்டத்துச் சம்பள நாளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

ஹக்ஸ்லி இலங்கைக்கு வந்தவரல்லர். தோட்டத் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதவுமில்லை. ஆனால் அவரது கடைசிக் காலத்து எழுத்தை ஊவாவில் இருந்து படிக்கும்போது அது நம்மைப் பற்றியது போலவே ஒலிக்கிறது. 1893இல் ஒக்ஸ்போர்ட்டில் கூர்ப்பும் ஒழுக்கமும் பற்றி ஓர் உரை ஆற்றினார். அதில் பௌத்தத்தைப் பற்றி அவர் சொல்பவற்றுக்கு, இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்து பாளி கற்ற றீஸ் டேவிட்ஸின் நூல்கள் துணை நின்றன. அடுத்த ஆண்டு அந்த உரைக்கு எழுதிய முன்னுரையில், தன் வீட்டுத் தோட்டத்தை உதாரணமாக எடுக்கிறார். மதில் கட்டிக் களை பிடுங்கி, வேண்டிய செடிகளை மட்டும் வளர்க்கிறோம். கையை எடுத்தால் காடு திரும்பி வந்துவிடும். இதுவரை அவர் சொல்வது எந்தத் தோட்டக்காரரும் அறிந்ததே. பின்னர் கேட்கிறார்: மனிதக் கூட்டத்தையும் ஒரு நிர்வாகி இப்படிக் களையெடுத்து, வல்லவரை வைத்துக்கொண்டு மெலிந்தவரை அகற்றலாமா? முடியாது என்பது அவரது விடை. எவன் வல்லவன், எவன் வேண்டாதவன் என்று தீர்ப்பளிக்கும் அறிவு எந்த மனிதனுக்கும் இல்லை. அப்படிச் செய்யத் துணிந்தால், மனிதரை மனிதரோடு கட்டி வைத்திருக்கும் இரக்கமே அறுந்துபோகும். வலியது வாழும் என்பது இயற்கையில் நடப்பது. மனிதன் நடக்க வேண்டிய நெறி அதுவன்று. டார்வினியத்தின் பெயரால் பேராசையை நியாயப்படுத்தியவர்களுக்கு, டார்வினின் பக்கம் நின்ற முதல் மனிதரே கொடுத்த மறுப்பு இது.

அவரை முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1865இல் அடிமை ஒழிப்பை ஆதரித்து எழுதிய கட்டுரையிலேயே கறுப்பின மக்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். பெண்களைப் பற்றியும் அவ்வாறே. அந்த எழுத்து இன்று வாசிக்கக் கூசுகிறது. அதே மனிதர் அடுத்த ஆண்டில், ஜமெய்க்காவில் எழுச்சி செய்த கறுப்பின மக்களைக் கொன்று குவித்த ஆளுநர் ஐயர்மீது வழக்குத் தொடர வேண்டும் என்று போராடிய குழுவில் சேர்ந்தார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நமது முன்னோர் இந்த எழுத்துகளைக் கண்டு காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1876இல் பெய்ரூத்தில் தொடங்கிய 'அல்முக்ததஃப்' சஞ்சிகை டார்வினை அறபு வாசகர் முன் விவாதத்துக்கு வைத்தது. ஜமாலுத்தீன் ஆப்கானி 1881இல் ஹைதராபாத்தில் இருந்து பொருள்முதல்வாதிகளுக்கு மறுப்பு எழுதினார். திரிபோலி நகர் ஆலிம் ஹுஸைன் அல்ஜிஸ்ர் 1888இல் எழுதிய நூலில், இக்கொள்கை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுமானால் திருமறை வசனங்களை அதற்கேற்ப விளங்கிக்கொள்ள வழியுண்டு என்று கூறினார். மறுத்தவரும் உண்டு, ஏற்றவரும் உண்டு, பொறுத்திருந்தவரும் உண்டு; மூவரும் வாசித்தார்கள். வார்ட் இலங்கையை விட்டுச் சென்ற 1882ஆம் ஆண்டிலேயே சித்திலெப்பை கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். நவீன கல்விக்கு நம் சமூகத்தை அழைத்த குரல் அது. இன்று கூர்ப்புப் பாடம் வரும்போது சில வகுப்பறைகளில் அந்தப் பக்கங்கள் வேகமாகப் புரட்டப்படுகின்றன. பரீட்சைக்கு மனனம் செய், உள்ளே எடுக்காதே என்கிறார்கள். ஈமானைக் காப்பதற்காக அப்படிச் செய்கிறோம் என்று நினைப்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் வாசிக்காமல் மறுப்பது ஆப்கானி செய்ததும் அன்று, அல்ஜிஸ்ர் செய்ததும் அன்று.

வாசிக்காமல் விடுவதன் விலையை இந்த மலை ஒருமுறை கொடுத்திருக்கிறது. வார்ட்டின் அறிக்கைகள் அச்சாகி இருந்தன. ஒரே பயிரை இடைவெளியின்றி நடாதே என்ற பாடம் அவற்றில் இருந்தது. கோப்பி அழிந்த அதே சரிவுகளில் அதே மாதிரி, அதைவிடப் பரந்து, தேயிலை நடப்பட்டது. 1946இல் கொப்புள நோய் என்ற இன்னொரு பங்கசு இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. செப்பு மருந்து தெளித்துத்தான் அதனுடன் காலம் தள்ள வேண்டியிருக்கிறது. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலை பெயர்க்கப்பட்டு, ஒரே தாய்ச்செடியின் துண்டங்களிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை நடப்படும்போது, ஏக்கர் கணக்கில் நிற்பது உண்மையில் ஒரே செடிதான். கூடுதல் கொழுந்து கிடைக்கிறது, வேறுபாடு குறைகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைக்குத் தேவையானது அந்த வேகமாகப் புரட்டப்படும் பக்கங்கள்தான்.

எங்கள் பாடசாலைக்கு எதிரே உள்ள சரிவு முழுவதும் வீ.பி. தேயிலை. அங்கே கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளும் கடைவீதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். நோய் எப்படி வருகிறது, பயிர் ஏன் விழுகிறது, தமது பாட்டன்மார் ஏன் இங்கே தங்கினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே பாடத்தில் விடை தேட அவர்களுக்கு உரிமை உண்டு. ஹக்ஸ்லியின் கட்டுரைகளில் ஐந்தாறையாவது, குறிப்பாகத் தொழிலாளருக்கு ஆற்றிய விரிவுரைகளையும் 1894ஆம் ஆண்டு முன்னுரையையும், நல்ல தமிழில் கொண்டுவரும் பணியை நமது எழுத்தாளர்கள் கையில் எடுக்க வேண்டும். உடன்படுவதா மறுப்பதா என்பதை வாசித்த பின் தீர்மானித்துக்கொள்ளலாம்.